கொட்டாங்குச்சியா, கலயமா, குழாயா: மீன் முட்டையிட எந்தப் பொந்து?

காவிரிக் கரையில் மீன்தொட்டி வைத்திருப்பவனுக்கு ஒரு குறை எப்போதும் உண்டு. இங்கே கல் கிடையாது. எங்கே தோண்டினாலும் வண்டல், களி, மணல். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. என் மூன்றடித் தொட்டிக்கு யார் கொண்டுவருவார்கள்? ‘ஓடையில் நாலு கல் பொறுக்கி அடுக்குங்கள், குகை தயார்’ என்று மலையோரத்து ஊர்க்காரர்கள் யூடியூபில் சொல்லும்போது எரிச்சல்தான் வரும். நமக்குக் கிடைப்பது கடப்பாக்கல் கடை வாசலில் கிடக்கும் உடைசல். அதுவும் சுண்ணாம்புக்கல் வகை. மெல்ல மெல்லத் தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும்.

போகட்டும். தேங்காய் இருக்கிறது, மண்கலயம் இருக்கிறது, கொள்ளிடக் கரையில் மூங்கில் இருக்கிறது. கிரிபென்சிஸ், கன்விக்ட், பிரிசில்நோஸ் என்று பொந்துக்குள் முட்டையிடும் மூன்று வகை மீன்களுக்கு இவற்றை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன். பார்க்க இயற்கையாக இருப்பது நமக்கு. மீன் பார்ப்பது மூன்றுதான்: வாசல் எவ்வளவு குறுகல், உள்ளே எவ்வளவு இருட்டு, இடித்தால் ஆடுமா.

எல்லோரும் முதலில் கைவைப்பது கொட்டாங்குச்சியில். செலவே இல்லை, தேங்காய்ச் சில்லு சட்னிக்குப் போய்விடும். கண் இல்லாத பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். கண் இருக்கும் பாதியில் பொத்துக்கொண்ட கண் வழியே மேலிருந்து வெளிச்சம் இறங்கும், மீன் விரும்பாது. நாரைச் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்க வைக்க வேண்டும். அப்படியும் சில வாரம் தொட்டித் தண்ணீர் பால் விடாத டீ நிறத்தில் இருக்கும். மேற்கு ஆப்பிரிக்க ஆற்று மீனான கிரிபென்சிஸுக்கு அந்தச் சாயம் பிடித்தமானதுதான், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காய்ப் பருப்புக்கு. முதல் முறை நான் சோம்பல்பட்டு நகத்தளவு பருப்பை விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம், ஐந்தாம் நாள் தொட்டி முழுக்க மோர் மாதிரி. முட்டையெல்லாம் பூசணம் பிடித்து வெள்ளையாகிவிட்டது.

கொட்டாங்குச்சியின் இன்னொரு குறை எடை. கன்விக்ட் ஜோடி குழி பறிக்க ஆரம்பித்தால் ஒரே ராத்திரியில் அதைக் குப்புறத் தள்ளிவிடும். லேசாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு: முட்டைகள் கூரையில் ஒட்டியிருப்பதால், கொட்டாங்குச்சியோடு அப்படியே தண்ணீருக்குள்ளேயே ஒரு டப்பாவில் வாங்கி வேறு தொட்டிக்கு மாற்றி, பக்கத்தில் காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல் வைத்துப் பொரிக்க வைக்கலாம்.

என் ஓட்டு கலயத்துக்கு. பொங்கல் சமயத்தில் சந்தையில் பானை வாங்கும் பெண்கள் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்களே, அதே சோதனைதான். ‘கணீர்’ என்றால் நன்றாக வெந்தது. ‘மொத்’ என்றால் வேகாத மண். தண்ணீரில் கிடந்து பொருக்குப் பொருக்காக உதிரும். சுண்ணாம்பு, பெயின்ட் அடித்தது, பளபளவென்று மெருகு பூசியது எதுவும் வேண்டாம்.

கலயத்தை ஒரு ராத்திரி முழுக்க ஊறப் போடுங்கள். காய்ந்த மண்ணில் ஆக்சா பிளேடு வைத்தால் விரிசல் ஓடிவிடும், ஊறிய மண் வெண்ணெய் இல்லாவிட்டாலும் பனங்கிழங்கு மாதிரியாவது அறுபடும். வாய் விளிம்பிலிருந்து ஒரு அங்குல ஆழத்துக்கு இரண்டு கீறல், இடையில் பத்து ரூபாய் நாணயம் தாராளமாக நுழையும் இடைவெளி. நடுவில் நிற்கும் துண்டைக் குறடால் பிடித்து ஒரு மடக்கு மடக்கினால் ‘டிக்’ என்று வந்துவிடும். கூரான ஓரத்தைத் துவைக்கிற கல்லில் தேய்த்து மழுக்குங்கள். அப்புறம் கலயத்தைக் கவிழ்த்து விளிம்பை அரை அங்குலம் மணலில் புதைத்தால் பொந்து தயார்.

கிரிபென்சிஸ் பெண், ஆணைவிடச் சின்னது. பெண் சுலபமாக நுழைய வேண்டும், ஆண் வாசலில் காவல் நிற்க வேண்டும் என்பதுதான் அந்த நாணயக் கணக்கு. சொரசொரப்பான மண்சுவரில் முட்டை நன்றாக ஒட்டுகிறது. எடையும் இருப்பதால் கன்விக்ட் தலைகீழாக நின்றாலும் அசையாது.

அழகா என்று கேட்டால், முதல் இரண்டு வாரம் அழகில்லை. செக்கச்செவேல் என்று பூந்தொட்டிக் கடை போல இருக்கும். மேலே பாசி ஏறி, மணல் சேர்ந்து, ஒரு பக்கம் சாய்த்தும் வைத்துவிட்டால், ஆற்றுப் படுகையில் பல வருஷமாகக் கிடந்த சட்டி போலவே ஆகிவிடும். அந்தச் சாயலைப் பார்த்துத்தான் அம்மா, “உடைஞ்ச சட்டிய யாராச்சும் வீட்டுக்குள்ள வெப்பாங்களாடா?” என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். குஞ்சுகள் நீந்தி வந்த பிறகு சரியாகிவிட்டது.

பிரிசில்நோஸுக்கு மட்டும் கலயம் சரிப்படாது. அதில் பொந்துக்குச் சொந்தக்காரன் ஆண்தான். ஒரு பக்கம் அடைத்த, தன் உடம்பு ஒட்டி நுழைகிற குழாய்தான் அவனுக்கு வேண்டும். பெண்ணை உள்ளே சிறைவைத்து முட்டையிட வைத்து, பிறகு அவளை அனுப்பிவிட்டு, பொரியும்வரை அவனே வாலால் விசிறிக்கொண்டு கிடப்பான். இதற்கு மூங்கிலைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. கணுவே ஒரு பக்க மூடி. பார்க்கவும் கொள்ளை அழகு. ஆனால் மிதக்கும், வாரக்கணக்கில் ஊற வேண்டும். எனக்கு ஏழாவது மாதத்தில் உள்ளே வழவழத்து, வெளியே எடுத்தபோது சாக்கடை நாற்றம் அடித்தது.

அதனால் நான் பி.வி.சி. குழாய்க்கு மாறிவிட்டேன். நாலு அங்குல ஆணுக்கு ஒன்றரை அங்குலக் குழாய், அரையடி நீளம், ஒரு பக்கம் மூடி. அப்படியே வைத்தால் குளியலறை மாதிரி இருக்கும், உண்மைதான். வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, சிலிக்கோன் பூசி, காய்ந்த மணலில் உருட்டி எடுத்தால் முக்கால்வாசி மறைந்துவிடும். மீன்தொட்டிக்கு என்றே விற்கும் சிலிக்கோனைத்தான் வாங்க வேண்டும். குளியலறைக்கான பூசணத் தடுப்பு மருந்து கலந்தது மீனைக் கொன்றுவிடும்.

சிமென்ட் குகை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஈரமணல் நிரப்பிய பிளாஸ்டிக் பைமேல் கலவையைப் பூசி, இறுகியதும் மணலைக் கொட்டிவிட்டால் நிஜப் பாறை மாதிரியே வரும். ஆனால் சிமென்ட் தண்ணீரின் பி.எச். அளவை, அதாவது காரத்தன்மையை, ஏற்றும். நாலு வாரமாவது தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட வேண்டும், அதன் பிறகும் அது கடினமான, காரத் தண்ணீரில் வாழும் ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரி மீன் வளர்ப்பவர்களுக்குத்தான். நாகப்பட்டினம் பக்கம் கடினமான போர் தண்ணீரோடு மல்லுக்கட்டுபவர்கள் தாராளமாகச் செய்யலாம். அவர்களுக்கு இன்னும் எளிய வழியும் இருக்கிறது: வயல் நத்தைக் கூடு. டாங்கனிக்கா ஏரியில் காலி நத்தைக் கூட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும் சின்னஞ்சிறு சிக்லிட் வகை மீன்கள் உண்டு. அறுப்பு முடிந்த வயலில் கிடக்கும் கூடுகளைக் கொதிக்க வைத்துக் கழுவி, மணலில் பரப்பினால் போதும்.

எந்தப் பொந்தானாலும் வாசலை முழுக்க முன்கண்ணாடிக்குத் திருப்பாதீர்கள், அதற்குள் மீன் போகாது. முழுக்கச் சுவர்ப் பக்கம் திருப்பினால் நமக்கு ஒன்றும் தெரியாமல், கை பரபரக்கும். கிரிபென்சிஸ் பெண் வயிறு கத்தரிப்பூ நிறமாகி இரண்டு நாளாக வெளியே வரவில்லை என்று ஒருமுறை கலயத்தைத் தூக்கிப் பார்த்தேன். கூரை முழுக்க முட்டை. மறுநாள் காலையில் ஒன்றுகூட இல்லை, இரண்டும் சேர்ந்து தின்றுவிட்டன. இப்போது வாசலைப் பக்கக் கண்ணாடி நோக்கிச் சாய்வாக வைத்து, ராத்திரி செல்போன் வெளிச்சத்தை ஒரு நொடி மட்டும் அடித்துப் பார்க்கிறேன்.