விபிஎஸ்ஸா, மருத்துவ முகாமா?

மே மாத விடுமுறையில் சபையோடு கிராம ஊழியத்துக்குப் போக நினைத்தால், பெரும்பாலும் இரண்டு வழி: பத்து நாள் விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), இல்லையென்றால் ஒரு நாள் மருத்துவ முகாம்.

முகாமுக்குக் கூட்டம் சேரும். பிரஷர், சுகர் பார்த்து மாத்திரையும் கொடுத்துவிடலாம். சரி, மாத்திரை தீர்ந்த பிறகு? 1900-இல் வேலூரில் ஒரே கட்டிலோடு மருத்துவமனை தொடங்கிய மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர், பின்னாளில் அதே சாலையோர மரத்தடிகளுக்கு வாரந்தோறும் திரும்பிப் போனார். நம் வேன் மறுபடி போவதில்லை. அதோடு, மருத்துவம் படிக்காதவருக்கு அங்கே டோக்கன் கொடுக்கும் வேலைதான்.

விபிஎஸ்ஸில் பாட்டு, மனப்பாட வசனம், கலர் பென்சில் சண்டை, தொண்டை கட்டிவிடும். ஆனால் நான்காம் நாளுக்குள் பிள்ளைகளின் பெயரெல்லாம் தெரிந்துவிடும். பிற மதத்துப் பிள்ளைகள் வந்தால் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்குங்கள். என் ஓட்டு விபிஎஸ்ஸுக்குத்தான்.