ஒரே வருடத்தில் இரட்டிப்பான நாடு: வெளிநாட்டில் கிளை போட நினைப்பவர்கள் கவனத்துக்கு

போன வாரம் போச்சம்பள்ளிப் பக்கம் மாங்கூழ் ஆலை வைத்திருக்கும் நண்பர் ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஆப்பிரிக்காவில் கிளை போடுகிறாராம். தயாரித்தது யார் என்று பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2015இல் என்னிடம் இரண்டு லட்சம் கட்டணம் வாங்கிக்கொண்டு நைஜீரியா ரிப்போர்ட் போட்டுக் கொடுத்த அதே ஆலோசகர்.

எனக்கு பர்கூரில் கிரானைட் பாலிஷ் பட்டறை. அன்று அவர் விரித்த பக்கம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நைஜீரியாவின் பொருளாதார அளவைக் காட்டும் படத்தில் அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள். குட்டையாக ஒன்று, 27,000 கோடி டாலர். நெட்டையாக ஒன்று, 51,000 கோடி டாலர். "ஒரே வருஷத்துல நாடே ரெண்டு மடங்கு ஆயிடுச்சுண்ணா, வீடு கட்டுறவன் கல்லுக்கு எங்க போவான்?" என்றார். வீட்டு நகையை அடகு வைத்து, மச்சானையும் கூட்டுச் சேர்த்து, லாகோஸில் குடோன் எடுத்து மூன்று கண்டெய்னர் ஸ்லாப் அனுப்பினேன்.

விஷயம் இதுதான். 2014 ஏப்ரலில் நைஜீரியா தன் ஜிடிபி (நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தி மதிப்பு) கணக்கின் அடிப்படை ஆண்டை, அதாவது விலையையும் தொழில்களின் பங்கையும் எந்த வருடத்தை வைத்து அளக்கிறார்களோ அந்த ஆண்டை, 1990இலிருந்து 2010க்கு மாற்றியது. அதுவரை சரியாக எண்ணாமல் விட்ட செல்போன் சேவை, சினிமாத் தொழில் எல்லாம் உள்ளே வந்தன. 2013ஆம் ஆண்டின் கணக்கு 89 சதவீதம் ஏறியது. அந்த இரண்டு கட்டங்களும் ஒரே வருடத்துக்கானவை, ஒன்று பழைய கணக்கு, இன்னொன்று புதுக் கணக்கு! நிஜ வளர்ச்சி ஐந்து, ஆறு சதவீதம்தான். கானாவிலும் 2010இல் இப்படி 60 சதவீதம் கூடியது. அடிப்படை ஆண்டை மாற்றுவது தப்பே இல்லை, நம் நாடும் 2015 ஜனவரியில் மாற்றியது. ஆனால் இவர் படத்தின் அடியில் இருந்த குறிப்பை வெட்டிவிட்டு, அதை வளர்ச்சி என்று என்னிடம் விற்றார்.

அப்புறம் நைஜீரியப் பணமான நைரா. லாபக் கணக்கு முழுவதும் டாலருக்கு 199 நைரா என்ற அரசு விலையில் போட்டிருந்தார். அந்த விலைக்கு எங்கள் கூட்டாளிக்கு வங்கியில் டாலரே கிடைக்கவில்லை. வங்கிக்கு வெளியே, வெளிச் சந்தையில் 2016 தொடக்கத்திலேயே 300ஐத் தாண்டிவிட்டது. ஜூனில் அரசு விலையும் 280க்குப் போனது. விற்ற கல்லுக்கு வந்த பணத்தை மாற்றியபோது போட்டதில் பாதிகூடத் தேறவில்லை. நகை ஏலத்துக்குப் போய்விட்டது.

கேட்டதற்கு, "அது கவர்மென்ட் கணக்குங்க, நான் என்ன பண்ண?" என்று போனை வைத்தார்.

நண்பரின் ரிப்போர்ட்டிலும் படத்துக்கு அடியில் வெறும் வெள்ளைதான். உங்களிடம் யாராவது இப்படி வந்தால் அடிப்படை ஆண்டு எது, போன வருடக் கணக்கும் அதே அடிப்படையில் போட்டதா, டாலர் எந்த விலையில் என்று எழுத்தில் வாங்குங்கள். வாங்கும்வரை ஒரு பைசா முன்பணம் தராதீர்கள்.