மலைக்கு மின்சாரம், ராமேஸ்வரத்துக்கு டீசல்: சுற்றுலாப் பஸ் கணக்கு

மின்சார பஸ் வாங்கலாமா என்று கோவையில் டிராவல்ஸ் நடத்தும் நண்பர்கள் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வண்டி எந்தப் பாதையில் ஓடப்போகிறது? ஊட்டி என்றால் ஒரு பதில், ராமேஸ்வரம் என்றால் வேறு பதில்.

முதலில் ஊட்டி. ஆட்களோடு 16 டன் எடையுள்ள வண்டி, மேட்டுப்பாளையத்தைத் தாண்டி ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறது. அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே 83 யூனிட் மின்சாரம் வேண்டும். டயர் உராய்வும் மோட்டார் இழப்பும் சேர்ந்தால் 120 ஆகிவிடும். பேட்டரி முள் கண்ணெதிரே சரிவதைப் பார்த்து, புதிதாக ஓட்டுபவர் குன்னூருக்கு முன்பே பதறிப்போவார். ஆனால் கதை இறக்கத்தில் மாறுகிறது. மோட்டாரே டைனமோவாகி வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. 40 யூனிட் அளவுக்குத் திரும்பக் கிடைக்கிறது. டீசல் வண்டியோ இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு இறங்கும். பிரேக் கட்டை சூடேறிக் கருகும் வாடை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மூக்கில் ஏறும்.

இதில் பலர் கோட்டைவிடும் ஓர் இடம் உண்டு. ஊட்டியில் பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கக் கூடாது. நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்ற முடியாதல்லவா? மோட்டார் பிடிமானம் குறைந்து, முழுச் சுமையும் பிரேக்கின் தலையில் விழும். எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

செலவு? ஏற 120, இறக்கத்தில் திரும்புவது 40; ஆக மேட்டுப்பாளையத்திலிருந்து போய்வர 80 யூனிட், சார்ஜ் ஏறும்போது வீணாவது சேர்த்து 88 என்று வையுங்கள். சொந்தக் கொட்டகையில் யூனிட் 10 ரூபாய் என்றால் 880 ரூபாய். டீசல் வண்டிக்கு என் கணக்கில் 30 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 2,760. மலைப்பாதைக்கு மின்சார பஸ் தாங்குமா என்ற சந்தேகத்துக்கு, 2022 முதல் திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஓடும் ஆந்திர அரசு மின்சார பஸ்களே பதில்.

சுற்றுச்சூழல் விஷயத்தில் மட்டும் விளம்பரங்களை அப்படியே நம்ப வேண்டாம். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரி. யூனிட்டுக்கு சுமார் 0.72 கிலோ கரியமில வாயு என்றால் 88 யூனிட்டுக்கு 63 கிலோ. 30 லிட்டர் டீசலுக்கு 80 கிலோ. குறைவது ஐந்தில் ஒரு பங்குதான். கொட்டகைக் கூரையில் சூரியத் தகடு போட்டால் கணக்கு இன்னும் மேம்படும். சொல்லப்போனால், நாற்பது பேர் பத்து கார்களில் வராமல் ஒரே பஸ்ஸில் ஏறினாலே, அது டீசல் பஸ்ஸாக இருந்தாலும், மலைக்குப் பெரிய உபகாரம். 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைத்ததற்குக் காரணமே அந்தக் கார் வரிசைதான்.

இனி ராமேஸ்வரம். 350 கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஓட்டம், வழியில் மதுரை மீனாட்சியம்மன் கோயில். மே மாத வெயிலில் பயணிகள் தரிசனம் முடித்துத் திரும்பும்வரை வண்டி காத்திருக்கும். ஏசிக்காக டீசல் என்ஜினை ஓடவிட்டால் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் போகும்; அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களின் வசவு தனி. மின்சார வண்டி சத்தமில்லாமல் குளிர்விக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்குச் செலவாகும் ஒவ்வொரு யூனிட்டும் மீதிப் பயணத்திலிருந்து கழிகிறது. ஆன்மிகச் சுற்றுலாக்காரர்கள் கொண்டுவரும் பாத்திரம், அடுப்பு, அரிசி மூட்டை எல்லாவற்றையும் விழுங்குகிற டிக்கி, பேட்டரி பெட்டிகளால் சுருங்குவது இன்னொரு தலைவலி.

இரண்டையும்விட பெரிய இடி வாங்கும் விலை. நகர பஸ் ஆண்டு முழுவதும் தினம் ஓடி அந்த விலையை மீட்கும். நம் வண்டி ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண சீசனிலும் ஓடும்; மற்ற நாட்களில் கொட்டகையில் தூங்கும். தூங்கும் வண்டி டீசலையும் மிச்சப்படுத்தாது, கடனையும் அடைக்காது. அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட்டுக்கு மின்சார வண்டிக்குக் கட்டணம் இல்லை என்ற சலுகை, இந்தத் தவணைப் பளுவுக்கு முன்னால் சிறு ஆறுதல்தான்.

ஆகவே நான் சொல்வது இது: நான்கு வண்டி வைத்திருப்பவர் நான்கையும் மாற்ற வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் மலையேறி இறங்க ஒரு மின்சார மினி பஸ் வாங்கலாம். பெரிய டீசல் வண்டி அடிவாரத்திலேயே நிற்கட்டும். பெட்டியை மாற்றி ஏற்றுவதற்குப் பயணிகள் முணுமுணுப்பார்கள். இரண்டு சுமை ஆட்களுக்குக் கூலி கொடுத்துவிடுங்கள்.