எஸ்பரா, ஃபிளிங்கா: ஜாவாவில் இரண்டையும் ஓட்டிய அனுபவம்

கார்டு பரிவர்த்தனைகளில் "5 நிமிடத்துக்குள் மூன்று தோல்வி, அடுத்து ஒரு பெரிய தொகை வெற்றி" மாதிரியான வரிசைகளைப் பிடிப்பது எங்கள் வேலை. வந்துகொண்டே இருக்கும் நிகழ்வுகளில் இப்படி வரிசைகளைத் தேடும் கருவிகள் உண்டு. முதலில் எஸ்பர்; சில வருடங்கள் கழித்து ஒரு பகுதி மட்டும் ஃபிளிங்க் சிஇபி, அதாவது ஃபிளிங்க் என்ற தரவோட்டத் தளத்தில் வரிசை தேடும் பகுதி. இப்போதும் இரண்டும் ஓடுகின்றன.

எஸ்பர் வெறும் லைப்ரரிதான். கிளஸ்டர் (சேர்ந்து ஓடும் பல சர்வர்கள்) எதுவும் தேவையில்லை, நம் ஜாவா புரோகிராமுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். இபிஎல் என்ற அதன் விதிமொழி எஸ்க்யூஎல் சாயலில் இருப்பதால் புதிதாக வருபவர் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு விதியைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் கடிகாரம். நேரத்தை நாமே முன்னால் தள்ளலாம் என்பதால், ஒரு மணி நேர விதியைச் சோதிக்க ஒரு மணி நேரம் உட்கார வேண்டியதில்லை.

ஆனால் விதியில் 'எவ்ரி' (ஒவ்வொரு முறையும்) என்று எழுதும்போது கவனம் வேண்டும். ஒவ்வொரு தோல்வியும் தனியாக ஒரு காத்திருப்பைத் தொடங்கும். கால வரம்பு போடாவிட்டால் மெமரி வீங்கிக்கொண்டே போகும். புரோகிராம் விழுந்தால் பாதியில் நின்ற வரிசைகளும் போச்சு. அதைக் காப்பாற்றும் பதிப்பு காசுக்குத்தான். உரிமம் ஜிபிஎல் 2; வெளியே கொடுக்கும் பொருளில் சேர்த்தால் மூலக்குறியீட்டையும் திறந்துகொடுக்கச் சொல்லும் வகை. உள்வேலைக்குப் பரவாயில்லை, வாடிக்கையாளருக்கு விற்கும் பொருளில் வைப்பதென்றால் முதலில் வக்கீலைக் கேளுங்கள்.

நிகழ்வுகள் வரிசை மாறித் தாமதமாக வருவதும், நிலையை (பாதியில் நிற்கும் வரிசைகளை) இழக்க முடியாததும் சேர்ந்தபோதுதான் ஃபிளிங்க் பக்கம் போனோம். நிகழ்ந்த நேரப்படி அடுக்கி, வாட்டர்மார்க் ('இந்த நேரம் வரையிலான நிகழ்வுகள் வந்துவிட்டன' என்ற குறி) தாண்டிய பிறகே பொருத்திப் பார்க்கிறது. அவ்வப்போது எடுத்துவைக்கும் நகலான செக்பாயின்ட்டில் நிலையும் பத்திரம். விலை என்னவென்றால் தாமதம். நிகழ்வுகளைக் கொண்டுவரும் காஃப்காவில் ஒரு பார்ட்டிஷன் (ஓடையின் ஒரு பிரிவு) ராத்திரியில் சும்மா கிடந்தால் வாட்டர்மார்க் நகராது, எச்சரிக்கைகள் காலையில் கொத்தாக வரும். சும்மா இருக்கும் பார்ட்டிஷனை ஒதுக்கும் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். விதியை மாற்ற வேண்டுமானால் ஜாபை (ஃபிளிங்கில் ஓடும் நம் புரோகிராமை) நிறுத்தி மறுபடி ஏற்ற வேண்டும். வாரத்துக்கொரு விதி கேட்கும் மோசடித் தடுப்புக் குழுவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

சித்தி (Siddhi) என்ற இதே மாதிரிக் கருவியையும் கொஞ்சம் பார்த்தேன். இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் முளைத்தது; விற்கும் பொருளிலும் வைக்க விடும் அப்பாச்சி உரிமம், ஆகவே மேலே சொன்ன வக்கீல் செலவு இல்லை. எங்கள் குழுவுக்கு இபிஎல் பழகிவிட்டதால் மாறவில்லை.

இப்போது புது விதி எதுவானாலும் முதலில் எஸ்பரில் எழுதி, பழைய நிகழ்வுகளை ஓடவிட்டுப் பார்க்கிறோம். நிலைத்துவிட்ட விதி, ஒன்றுகூடத் தவறக் கூடாது என்ற ரகமாகவும் இருந்தால், அப்புறம் ஃபிளிங்கில் திருப்பி எழுதுகிறோம்.