முழுப்பலகையா, ஒட்டுப்பலகையா: வன்னியில் கிட்டார் வாங்குவோருக்கு

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிட்டார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் மினுக்கத்தையும் பார்த்தே தெரிவு செய்கிறார்கள். ஒலியைத் தீர்மானிப்பதோ கம்பிகளுக்குக் கீழே விரிந்திருக்கும் மேற்பலகையாகும். மெல்லிய கம்பியால் தனித்து அதிகக் காற்றை அசைக்க முடியாது. அது, மேற்பலகையில் ஒட்டிக் கம்பிகளைத் தாங்கும் ‘பாலம்’ என்ற மரக்கட்டையை ஆட்ட, பாலம் மேற்பலகையை ஆட்ட, அப்பலகையே நாதத்தை எழுப்புகிறது. ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் மரத்தில் அமைத்து, இதைக் காட்டினார்.

மேற்பலகை அடுக்கில்லாத முழு மரமாயிருந்தால் முழுப்பலகை, மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்ததாயிருந்தால் ஒட்டுப்பலகை. எங்கள் கோயில் பாடகர் குழாமில் இந்த இரு வகைக் கிட்டார்களும் உள்ளன. முழு ஸ்புரூஸ் பலகை கொண்டதில் தடித்த கம்பியை ஒருமுறை மீட்டினால், அதிர்வு நெஞ்சில் படும். நாதமும் நின்று தேயும். ஒட்டுப்பலகைக் கிட்டாரில் அதே சுரம் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கிவிடுகிறது. ஸ்புரூஸ் எடை குறைந்தும் நார்வாக்கில் மிக விறைப்பாகவும் இருக்கும் மரம். ஒட்டுப்பலகையிலோ குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய தகடுகளும் பசையும் அதிர்வில் ஒரு பங்கை விழுங்கிவிடுகின்றன. ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள்: மேலே தெரியும் மரவரிகள் விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் அது முழுப்பலகை, அடுக்குகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

ஆனால் வன்னியின் காலநிலை ஒட்டுப்பலகையின் பக்கம் நிற்கிறது. முழுப்பலகைக் கிட்டார்களுக்கு 45 முதல் 55 வீதம் வரையான ஈரப்பதமே உகந்தது என்பார்கள். இங்கோ சோளகக் காற்று வீசும் மாதங்களில் மரம் வற்றிச் சுருங்க, மேற்பலகை தாழ்ந்து கம்பிகள் கழுத்திலுள்ள உலோகக் கட்டைகளில் உரசி இரையும். மாரியில் பலகை ஊதிக் கம்பிகள் உயர, விரல் நோகும். தகரக் கூரையின் கீழ் மதிய வெக்கையில் விடப்பட்ட எங்கள் முழுப்பலகைக் கிட்டாரின் பாலம், பசை இளகி ஒரு பக்கம் எழும்பியது. உருக்குக் கம்பிகள் எல்லாமாக ஏறத்தாழ 70 கிலோ பாரத்துக்கு இழுக்கும்போது, அது வியப்பன்று.

உட்புறத் தாங்குசட்டங்களும் முக்கியமானவை. அவை மிகத் தடித்திருந்தால் முழுப்பலகையும் ஊமையாகிவிடும். ஆகவே விலைச்சீட்டை மட்டும் நம்பாமல் வாசித்துக் கேட்டே வாங்க வேண்டும். முதுகும் பக்கங்களும் ஒட்டுப்பலகையாக இருப்பதில் பெரிய நட்டமில்லை.

பலர் கைமாறும் பாடசாலைக்கும் கோயிலுக்கும் ஒட்டுப்பலகையையே பரிந்துரைப்பேன். ஒருவரே வைத்து வாசிப்பதென்றால், முழு மரத்தாலான மேற்பலகையும் ஒட்டுப்பலகை முதுகும் கொண்டதை வாங்கி, வாசிக்காத நேரமெல்லாம் கடினப் பெட்டிக்குள் வைத்து, கோடையில் துளையிட்ட சவர்க்காரப் பெட்டியொன்றில் பிழிந்த ஈரப் பஞ்சையும் அதனுடன் வைத்து மூடுங்கள்.