காஷ்மீர் ஏரிகள் பாதையில் நாங்கள் பறிகொடுத்த 62,000 ரூபாய்

நேற்று முன்தினம் இரவுதான் கோவைக்குத் திரும்பினோம். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் எங்களிடம் பணம் வாங்கிய அதே ஏற்பாட்டாளர், நேற்றுக் காலைவரை வாட்ஸ்அப் குழுவில் ஆகஸ்ட் மாதப் பயணத்துக்கு முன்பணம் கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மனம் வரவில்லை. மலையேற்றப் பயணங்களைத் திரட்டி விற்கும் ஓர் இணையத்தளத்தின் வழியாகப் பதிவு செய்தோம். புகார் கொடுத்திருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

காஷ்மீரின் பேரேரிகள் பாதையைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோனாமார்க்கை அடுத்த ஷிட்காடியில் ஏறத் தொடங்கி, நிச்னாய் கணவாயைத் தாண்டினால் விஷன்சர், கிஷன்சர் என்ற இரட்டை ஏரிகள் வரும். அங்கிருந்து ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரமுள்ள காட்சர் கணவாயைக் கடந்தால் பூக்கள் மண்டிய காட்சர் ஏரி, பிறகு சத்சர், கடைசியாக 5,142 மீட்டர் உயர ஹர்முக் சிகரத்தின் அடிவாரத்தில் கங்காபலும் நுந்த்கோலும். முடிவில் நாராநாக் கோயில் இடிபாடுகள் இருக்கும் ஊருக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். மொத்தம் எழுபது கிலோமீட்டருக்கு மேல் நடை. ஜூலை முதல் செப்டம்பர் தொடக்கம் வரைதான் இதற்குப் பருவம். நான், என் கணவர், தம்பி, தம்பி மனைவி ஆகிய நால்வரும் இதற்காகவே ஆறு மாதம் பயிற்சி எடுத்தோம். மார்ச் மாதத்தில் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கினோம். எங்கள் உடல் எங்களைக் கைவிடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இப்போது அவர்கள் அதைத்தான் சாக்காகச் சொல்கிறார்கள்.

பணம் கட்டும்வரை எனக்குத் தயக்கம் இருந்தது. தலைக்கு 15,500 ரூபாய், நால்வருக்கு 62,000 ரூபாய், அதுவும் முழுத்தொகையையும் முன்கூட்டியே கேட்டார்கள். தளத்தில் கொடுத்திருந்த எண்ணை அழைத்தபோது எடுத்த பெண் என் உச்சரிப்பைக் கேட்டதும் தமிழுக்கு மாறி, "அக்கா, நீங்க கோயம்புத்தூரா? எங்க சித்தி வீடு சிங்காநல்லூர்லதான்" என்றார். அரை மணி நேரம் பேசினார். என் கணவருக்கு இரத்த அழுத்தம் உண்டு என்றதும் ஆக்சிஜன் உருளை கட்டாயம் வரும் என்றார்; சைவச் சாப்பாடு தனியாகச் சமைப்பார்கள், பைகளைக் குதிரை சுமக்கும், வழிகாட்டி பதினைந்து வருட அனுபவசாலி என்றார். வழியிலுள்ள இராணுவச் சோதனைச் சாவடிகளுக்கு எங்கள் பெயர்ப்பட்டியலைத் தாங்களே கொடுத்துவிடுவதாகச் சொல்லி நால்வரின் ஆதார் நகல்களையும் வாங்கிக்கொண்டார். "நான் இருக்கேன் அக்கா, நீங்க கவலையே படாதீங்க" என்று அவர் சொன்ன அந்த நொடியில்தான் நான் யுபிஐ ரகசிய எண்ணை அழுத்தினேன். பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகாமல் ஒரு தனிநபரின் கணக்குக்குப் போனதைத் திரையில் என் கண்ணாலேயே பார்த்தேன். கேட்டதற்கு, "அது எங்க அக்கவுன்ட்ஸ் அண்ணாவோடதுதான்" என்றார். அதையும் நம்பினேன்.

ஸ்ரீநகரிலிருந்து எண்பது கிலோமீட்டர் சொந்தச் செலவில் டாக்ஸி பிடித்து ஷிட்காடி போய்ச் சேர்ந்தபோது, எங்களுக்காக ஒரு குதிரைக்காரரும் சமையலுக்கு ஒரு பையனும் மட்டும் நின்றிருந்தார்கள். வழிகாட்டி எங்கே என்று கேட்டதற்கு, மேலே முகாமில் இருப்பார் என்றார்கள். அவர் எந்த முகாமிலும் இல்லை. பூர்ச்ச மரக் காட்டைத் தாண்டி மாலையில் நிச்னாய் முகாமை அடைந்தபோது, நான்கு பேருக்கு ஒரே ஒரு கூடாரத்தைத்தான் பிரித்தார்கள். அதன் கம்பியின் மூட்டில் மின்சார வேலைக்குப் பயன்படுத்தும் கறுப்பு டேப்பை நாலைந்து சுற்றுச் சுற்றியிருந்தார்கள். துணியில் அச்சாகியிருந்த வேறொரு நிறுவனத்தின் பெயரை மார்க்கர் பேனாவால் அடித்திருந்தார்கள். இரவு பத்து மணிக்கு மழை பிடித்தது. தையல் பிரிந்த இடத்தில் சொட்டிய தண்ணீரைத் தம்பி சாப்பாட்டுத் தட்டில் பிடித்து, தட்டு நிறைய நிறைய வெளியே ஊற்றிக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தான். என் உறக்கப்பையின் ஜிப் பாதியில் நின்றுவிட்டதால் சேலைக்கு வைத்திருந்த ஊக்குகளால் அதைக் குத்திக்கொண்டு படுத்தேன். ஆக்சிஜன் உருளையைப் பற்றிக் கேட்டபோது சமையல் பையனுக்கு என்ன கேட்கிறோம் என்பதே புரியவில்லை.

அப்படியும் மறுநாள் நடந்தோம். கணவாயைத் தாண்டி விஷன்சரின் அந்த நீலப்பச்சை நீரைப் பார்த்ததும், போகட்டும், மீதி வழி நல்லபடியாக இருந்தால் போதும் என்று நால்வருமே சொன்னோம். மூன்றாம் நாள் காலையில், காட்சர் கணவாய் ஏறப் பைகளைக் கட்டி வைத்தபோது, குதிரைக்காரர் தயங்கித் தயங்கி வந்து, தனக்கு இரண்டு நாள் கூலிதான் பேசப்பட்டது, அதிலும் பாதிதான் கைக்கு வந்தது, இனி தன்னால் வர முடியாது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முந்தின இரவு என் கணவருக்குக் குளிரில் நடுக்கம் எடுத்தபோது தன் கம்பளியைக் கழற்றிக் கொடுத்தவர் அவர்.

அருகில் முகாமிட்டிருந்த வேறொரு குழுவின் தலைவர் இரக்கப்பட்டு எங்களைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தார். ஆனால் காட்சரில் இராணுவத்தினர் பட்டியலைப் பார்த்துத்தான் விடுவார்கள், உங்கள் பெயர் எதிலும் இல்லாவிட்டால் அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் எச்சரித்தார். எங்கள் பெயரைக் கொடுத்ததற்கு எந்தச் சான்றும் எங்களிடம் இல்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால் அந்த வழி நெடுகக் கைப்பேசிக்குத் தொடர்பே கிடைக்கவில்லை. காட்சர் கணவாய் ஏற்றத்தில் கொஞ்ச தூரம் மட்டும் ஏறி, விஷன்சரும் கிஷன்சரும் ஒருசேரக் கீழே தெரிந்த இடத்தில் நின்றுவிட்டுத் திரும்பினோம். கங்காபலைப் பார்க்கவில்லை. ஹர்முக்கின் நிழலைக்கூடப் பார்க்கவில்லை. ஆறு மாதப் பயிற்சியும் 62,000 ரூபாயும் இரண்டு ஏரிகளோடு முடிந்தன.

சோனாமார்க்குக்குத் திரும்பியதும் அழைத்தேன். "அக்கா" என்று பேசிய அதே குரல், "மேடம், கேம்ப் மேனேஜரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றது. மறுநாள் அழைத்தபோது அவர் விடுப்பில் இருப்பதாக வேறொருவர் சொன்னார். அதற்கடுத்து ஒரு மின்னஞ்சல் வந்தது: உடல்தகுதிக் குறைவாலும் வானிலையாலும் நீங்களாகவே பயணத்தைக் கைவிட்டதால் பணம் திருப்பித் தரப்படாது. கூடாரத்தின் படங்களை அனுப்பி, நால்வரும் நல்ல உடல்நிலையில் இறங்கி வந்தோம் என்று பதில் எழுதினேன். அடுத்த பயணத்துக்குத் தலைக்கு 2,000 ரூபாய் தள்ளுபடி தருவதாக, ஏதோ பெரிய மனது பண்ணுவதுபோல எழுதியிருந்தார்கள். 62,000 ரூபாயைத் தொலைத்தவர்களை மறுபடியும் பணம் கட்டச் சொல்கிறார்கள்! அந்த இணையத்தளமோ, தாங்கள் இடைத்தரகர் மட்டுமே, பணம் தங்கள் கணக்குக்கு வரவில்லை, ஆகவே பொறுப்பில்லை என்று கைவிரித்துவிட்டது. தங்கள் தளத்தில் இருந்த எண்ணை அழைத்துத்தானே பேசினேன் என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை. வங்கியில், நீங்களே ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பிய பணம் என்கிறார்கள். நேற்று மதியம் என்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் மறுபடி போக வேண்டியிருப்பதால் மனதில் பட்டதை மட்டும் சொல்கிறேன். தனிநபர் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். முழுத்தொகையையும் முன்னதாகக் கேட்டால் விலகிவிடுங்கள். வழிகாட்டியின் எண்ணை வாங்கி அவரிடமே பேசுங்கள், உங்கள் பெயர்ப்பட்டியல் யாரிடம் எப்போது கொடுக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். வெளிமாநிலப் ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது என்பதால் போஸ்ட்பெய்ட் எண் ஒன்றாவது கையில் இருக்கட்டும். ஏமாந்தது தெரிந்தவுடனே இணையப் பணமோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்துவிடுங்கள். நான் ஊர் திரும்பும்வரை காத்திருந்தது பெரிய தவறு. நுகர்வோர் உதவிக்கு 1915. ஆதார் நகல் கொடுத்திருந்தால் இன்றே ஆதாரில் உள்ள பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கருவிழிப் பதிவுகளை, பூட்டி வையுங்கள்.

என்னை நீக்குவதற்கு முன் அந்தக் குழுவில் ஆகஸ்ட் பயணத்துக்குப் பதினொரு பேர் பணம் கட்டியதாகப் பதிவிட்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் ஈரோட்டுக்காரர்கள் என்று அவர்களது செய்திகளிலிருந்து தெரிந்தது. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அவர்களைத் தெரிந்திருந்தால், விமானம் ஏறுவதற்கு முன் என்னை ஒருமுறை அழைக்கச் சொல்லுங்கள். கூடாரத்தின் படங்களும் பணம் அனுப்பிய ரசீதும் என்னிடம் இருக்கின்றன. அந்தக் குதிரைக்காரரும் யார் கேட்டாலும் நடந்ததைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.