நிறுத்துவதா, ஓடவிடுவதா? அஜிலிட்டியின் மஞ்சள் பட்டைப் பஞ்சாயத்து

அஜிலிட்டி என்பது நாயைத் தடைகள் தாண்டி ஓடவைக்கும் போட்டி. அந்த ஓட்டத்தில் பிழை வாங்க வழியா இல்லை? தடைக் கம்பியைத் தட்டிவிடலாம், தப்பான தடைக்கு ஓடலாம். இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வேன். ஆனால் ஓட்டம் முழுக்க அழகாக ஓடிவிட்டு, மஞ்சள் பட்டையில் பாதம் படவில்லை என்று நடுவர் கையைத் தூக்கும்போது வருகிற எரிச்சல் இருக்கிறதே, அது தனி.

மஞ்சள் பட்டை என்பது ஏறி இறங்கும் தடைகளின் அடிப்பகுதியில் நிறம் மாற்றிப் பூசிய இடம். காண்டாக்ட் என்பார்கள். டாக் வாக் எனும் நடைபாலத்தில் மூன்று பலகைகள், சர்வதேச நாய் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் விதிப்படி ஒவ்வொன்றும் 3.60 முதல் 3.80 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம். நடுப்பலகை தரையிலிருந்து 1.20 முதல் 1.30 மீட்டர் உயரத்தில் இருக்கும். இறங்கும் பலகையின் கடைசி 90 செ.மீ.தான் பட்டை. ஒரு பாதத்தின் நுனியாவது அதில் பட வேண்டும். இல்லையென்றால் 5 பிழைப் புள்ளி. உயரத்திலிருந்து குதித்து நாய் அடிபடக் கூடாது என்பதற்காக வந்த விதி. ஆனால் முழு வேகத்தில் வரும் பார்டர் காலி இன நாயின் ஒரு பாய்ச்சல் 90 செ.மீ.யைவிட எவ்வளவோ நீளம். அதன் போக்கில் விட்டால் பட்டைக்கு மேலேயே பறந்துவிடும்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, பட்டையில் நாயை நிறுத்துவது: பின்னங்கால் இரண்டும் பலகையில், முன்னங்கால் இரண்டும் தரையில். 'டூ ஆன், டூ ஆஃப்' என்று பெயர். மற்றது ரன்னிங் காண்டாக்ட்: நிற்காமல் ஓடியபடியே பட்டையில் கால் வைக்கப் பழக்குவது. என் வீட்டில் இரண்டும் உண்டு. திட்டம் போட்டுச் செய்த பரிசோதனை இல்லை. முறுக்கு என்ற என் காக்கர் ஸ்பானியல் நாயைப் பழக்கிய காலத்தில் எனக்கு நிறுத்துவது மட்டும்தான் தெரியும். சீனி என்ற பார்டர் காலி வந்தபோது ஓடவிடும் ஆசை வந்துவிட்டது.

நிறுத்தப் பழக்குவதற்கு மைதானமே வேண்டாம். இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் சின்ன வீட்டில் மாடிப்படியின் கடைசிப் படி போதுமானதாக இருந்தது. பின்னங்கால் படியில், முன்னங்கால் தரையில், இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே தரையில் ஒரு துண்டு சீஸ். தீனியைக் கையில் உயர்த்திக் காட்டினால் நாய் தலையைத் தூக்கும், இடுப்பு திரும்பும், ஒரு கால் படியிலிருந்து நழுவும். தரையில் வைத்தால் தலை தாழும், எடை பின்னால் போகும், உடம்பு நேராக நிற்கும். இந்தச் சின்ன விஷயம் புரிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

அப்புறம் விடுவிக்கும் சொல். 'சரி' என்று வைத்தேன். தமிழன் வைக்கக்கூடிய படுமுட்டாள்தனமான சொல் அதுதான். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவி ஏதோ கேட்க, நான் "சரி, சரி" என்றேன். முறுக்கு இரண்டு தடை தாண்டிப் போயிருந்தது. அதன்பிறகு 'ஜூட்' என்று மாற்றிக்கொண்டேன். பெரியவர்கள் பேச்சில் அந்தச் சொல் தவறி வந்துவிடாது.

நிறுத்தம் கெடுவது நாயால் இல்லை, நம்மால். பயிற்சியில் இரண்டு விநாடி காத்திருப்போம். போட்டியில் பதற்றத்தில் நாய் நிற்பதற்கு முன்பே விடுவித்துவிடுவோம். மூன்றே போட்டியில் நாய் கணக்குப் போட்டுவிடும்: களத்தில் நிற்க வேண்டியதில்லை. முறுக்கு அப்படித்தான் கெட்டது. 'இது போட்டிக்கு இல்லை, பயிற்சி ஓட்டம்' என்று நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு பருவம் முழுக்கக் களத்திலேயே மறுபடி பழக்கினேன். கட்டிய நுழைவுக் கட்டணம் எல்லாம் அதற்கே போயிற்று.

ஓடவிடும் முறைக்கு வருவோம். ஸ்லொவேனியாவின் அஜிலிட்டி பயிற்சியாளர் சில்வியா டிர்க்மன் பரவலாக்கிய வழி கேட்க எளிது. பலகையைத் தரையில் போட்டு நாயை முழு வேகத்தில் ஓடவிடு; பின்னங்கால் பட்டைக்குள் விழுந்தால் பரிசு, இல்லையென்றால் பரிசில்லை; வெற்றி நிலைத்தால் பலகையைக் கொஞ்சம் உயர்த்து. அவ்வளவுதான். ஆனால் பின்னங்கால் எங்கே விழுந்தது என்று பார்ப்பது யார்? நாய் மின்னல் மாதிரி போகிறது. என் கண் பொய் சொல்கிறது என்பதே கைபேசியில் ஸ்லோ மோஷன் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நான் பரிசு கொடுத்த பல ஓட்டங்களில் சீனி பட்டையைத் தொடவே இல்லை. அதாவது, தப்பைக் காசு கொடுத்துக் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு மாடிப்படி இங்கே உதவாது. முழு அளவு டாக் வாக் அடிக்கடி வேண்டும். எங்கள் பயிற்சிக் களத்தில் வாரம் ஒருநாள் கிடைத்தது. மற்ற நாட்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு இடம் பிடித்தேன். ஓராண்டுக்குப் பிறகு நேராக ஓடினால் சீனி பட்டையைத் தவறவிடுவது அபூர்வம் என்றானது. நடை பார்க்கவே அப்படி ஓர் அழகு! ஆனால் டாக் வாக் முடிந்ததும் அடுத்த தடை இடப்பக்கமோ வலப்பக்கமோ செங்குத்தாக இருந்தால் அந்த அழகு குலைந்துவிடும். திரும்பப் போகிறோம் என்று தெரிந்ததுமே நாய் பாய்ச்சலைச் சுருக்கும், பட்டைக்கு மேலேயே குதிக்கும். ஒவ்வொரு திருப்பமும் தனிப் பாடம், தனிச் சொல். நாங்கள் இன்னும் வலப்பக்கப் பாடத்தில்தான் இருக்கிறோம்.

நேரம்? என் நாய்களில், என் கடிகாரத்தில், நிறுத்துவதற்கும் ஓடவிடுவதற்கும் டாக் வாக் ஒன்றுக்கு ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேல் வித்தியாசம். பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றுகள் விநாடியின் சிறு பின்னங்களில் முடிகின்றன. அங்கே ஒரு விநாடி என்பது மலை. ஆனால் நம்மைப் போன்றவர்கள் ஓடும் கீழ் வகுப்புகளில், பிழையில்லாமல் குறித்த நேரத்துக்குள் முடித்த நாய் எவ்வளவு மெதுவாக வந்தாலும், ஒரு பட்டை தவறவிட்ட வேக நாய்க்கு முன்னால்தான் நிற்கும். ஐந்து புள்ளி ஐந்து புள்ளிதான்.

இன்னொன்றை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை: நிறுத்தம் நாய்க்காக மட்டும் இல்லை, நமக்காகவும்தான். முறுக்கு பலகை முனையில் நிற்கிற அந்தக் கணத்தில் நான் மூச்சு வாங்கி, அடுத்த தடைக்கு முன்னால் போய் நின்றுவிடுவேன். சீனி விஷயத்தில் நான் பாதிப் பாலம் வருவதற்குள் அது இறங்கிவிடும். ஐம்பதைத் தொட்ட முழங்காலுக்கு எது தோது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏ-ஃபிரேமில் மட்டும் என் தீர்ப்பு வேறு. கூரை மாதிரி நிற்கும் அந்தத் தடையின் உச்சி 1.70 மீட்டர், பட்டை 106 செ.மீ. சரிவு செங்குத்து, அடியில் சடாரென்று நின்றால் பாரம் முழுவதும் முன்னங்கால்களிலும் தோளிலும் இறங்கும். அஜிலிட்டி நாய்களுக்குத் தோள் காயம் புதிதில்லை. பலகையும் குட்டை, உச்சி தாண்டினால் ஓரிரு பாய்ச்சல்தான், அதனால் பாதம் விழும் இடத்தை ஒழுங்குபடுத்துவது எளிது. பயிற்சியாளர் ரேச்சல் சாண்டர்ஸ் பிரபலப்படுத்திய பெட்டி முறை இதற்குக் கச்சிதம். பி.வி.சி. குழாயில் ஒரு சட்டம் செய்து தரையில் போட்டு, முன்னங்காலும் பின்னங்காலும் அதற்குள் விழும்படி ஓடப் பழக்கி, பிறகு அதை ஏ-ஃபிரேமின் அடிக்கு மாற்றி, கடைசியில் சட்டத்தை எடுத்துவிடுவது. சீனிக்கு இரண்டு மாதத்தில் வந்தது. முறுக்குக்கும் பிறகு மாற்றினேன், சிரமமில்லை. சீ-சா எனும் ஏற்ற இறக்கப் பலகையில் விவாதமே இல்லை. பலகை தரையைத் தொடும்வரை நாய் அதன்மேல் இருந்தாக வேண்டும்.

ஆக, டாக் வாக்கில் நிறுத்தம், ஏ-ஃபிரேமில் ஓட்டம். வீட்டருகே முழு அளவு டாக் வாக், தப்பைத் தப்பென்று சொல்லும் பயிற்சியாளர், திருப்பங்களுக்கென்று இன்னோர் ஆண்டு, நாயோடு ஓடும் கால் என்று எல்லாம் அமைந்தவர்கள் டாக் வாக்கிலும் ஓடவிடட்டும், எனக்குப் பொறாமைதான்.

முறுக்குக்கு இப்போது வயது ஒன்பது, போட்டிக்குப் போவதில்லை. ஆனால் காலையில் மாடியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் பின்னங்காலை வைத்து, முன்னங்காலைத் தரையில் ஊன்றி, அப்படியே நிற்கும். காபி போட்டுக்கொண்டிருக்கும் நான் மறந்தே போனாலும் நகராது. சமையலறையிலிருந்து ஒரு 'ஜூட்' போக வேண்டும்.